வளைந்த விலா எலும்பு

"சொல்றியா, இல்ல இன்னொண்ணு வாங்கறியா?"

ஜெயராஜ் கேட்டு வாய் மூடுவதற்குள் இன்னொன்று விழுந்துவிட்டது. கொட்டகை கழுவுகிற ரப்பர் குழாயை இரண்டாக மடித்து அடித்துக்கொண்டிருந்தான். இரும்புத் தூணோடு கட்டப்பட்டிருந்த சுந்தரத்தின் பனியன் முதுகில் கிழிந்து, சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சந்திரம்மா தடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு பன்றிக்குட்டி செத்துக் கிடந்தது. அதன் பின்னங்கால் முட்டிக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

முதலில் ஒரு குட்டி நொண்டியது. அப்புறம் இன்னொன்று. பிறகு தினமும் காலையில் கொட்டகைக்குள் நுழையும்போதே எதன் கால் தொங்குகிறது என்று பார்ப்பதுதான் சந்திரம்மாவின் வேலையாகப் போயிற்று. தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் அடைத்த அந்தப் பட்டிக்குள் வேலைக்காரன் சுந்தரத்தைத் தவிர வேறு யாரும் இறங்குவதில்லை. போதாததற்கு, நேற்று அவன் சந்தாபுரா டீக்கடையில் நாகேஷோடு தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்ததை ஜெயராஜ் கண்ணால் பார்த்திருக்கிறான். ஓசூர் ரோட்டு ஓட்டல்களில் மிச்சச் சோற்றை எடுக்கும் உரிமைக்காகச் சந்திரம்மாவோடு மூன்று வருஷமாக மல்லுக்கு நிற்கிற நாகேஷ். ஆனேக்கல் பக்கத்தில் அவளுக்குச் சமமாகப் பன்றி வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

"நாகேஷ் என்னாடா குடுத்தான் உனக்கு? குட்டிங்க காலை ஒடைக்கச் சொன்னானா?" என்று கேட்டாள் சந்திரம்மா.

"வேலை கேட்டேன்க்கா... அவ்ளோதான். சத்தியமா." சுந்தரத்தின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கயிறாக இறங்கின. "உங்க தம்பி அடி தாங்கலைன்னுதான் வேற எடம் பாத்தேன்."

"கேட்டியாக்கா? நான் அடிச்சேனாம்!" ஜெயராஜ் சிரித்தான். "நான் அடிச்சா எப்படி இருக்கும்னு இவனுக்கு இன்னும் தெரியாது."

சந்திரம்மா எழுந்தாள். கன்டோன்மென்ட் பக்கத்து ஒற்றை அறை வீட்டில் பிறந்தவள். புருஷன் போன பிறகு ஒரு கறிக்கடையில் ஆரம்பித்து, இந்தக் கொட்டகையை ஒவ்வொரு தகரமாகக் கட்டியவள். கொட்டகையை யாராவது தொட்டால் கையை வெட்டுவேன் என்பாள். சும்மா சொல்கிறாள் என்று யாரும் நினைத்ததில்லை.

செத்த குட்டியைக் கோணிப்பையில் போட்டு, லக்கேஜ் ஆட்டோவின் பின்னால் எறிந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட காட்டி, அடிபட்டுதான் செத்துச்சுன்னு எழுதி வாங்கினு வரேன். நாகேஷை ஸ்டேஷன்ல உக்கார வைக்கணும். நான் வர்றதுக்குள்ள இவன் வாயைத் தொறக்க வை."

"நீ போய்ட்டு வா. பாட்டே பாடுவான்" என்றான் ஜெயராஜ்.

அவள் வண்டியைக் கிளப்பும்போது சுந்தரம் "அக்கா" என்று கத்தியது கேட்டது. அதை அமுக்கிக்கொண்டு குழாய்ச் சத்தம் எழுந்தது.

*

சந்தாபுராவில் டாக்டர் சங்கமித்ராவின் கிளினிக்குக்கு வெளியே இரண்டு ஆடும் ஒரு நாயும் காத்திருந்தன. சந்திரம்மா வரிசை பார்க்கவில்லை. கோணிப்பையோடு நேரே உள்ளே போய் மேஜைமேல் கொட்டினாள்.

"அடிச்சுக் கொன்னுட்டான் டாக்டரம்மா. ஒரு வரி எழுதிக் குடுங்க."

"பாத்துட்டுத்தானே எழுதணும்? போஸ்ட்மார்ட்டத்தை நீங்களே முடிச்சிட்டீங்கன்னா நான் எதுக்கு?" டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தாள். காலைத் தொட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

தோலைக் கீறினாள். எலும்பு முறிந்திருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அடி விழுந்திருந்தால் இருக்க வேண்டிய கன்றல் எங்குமே இல்லை. பிறகு மார்பைப் பிளந்து ஒரு விலா எலும்பை உருவி எடுத்தாள். அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மடக்கினாள். எலும்பு உடையவில்லை. பச்சை ஈர்க்குபோல வில்லாக வளைந்தது.

ஆயிரம் பன்றி வெட்டிய கை சந்திரம்மாவுடையது. விலா எலும்பு 'சடக்' என்று முறியும். இப்படி வளைந்து அவள் பார்த்ததே இல்லை.

"இதோ பாருங்க." விலா எலும்பு நுனிகளில் மணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்ததைக் காட்டினாள் டாக்டர். "இதை யாரும் அடிக்கல. எலும்புல சத்தே இல்ல. சும்மா ஒண்ணுமேல ஒண்ணு ஏறினாலே ஒடையும். பட்டியில செவுத்தைக் கடிக்குதா? ஒண்ணோட காதை ஒண்ணு மெல்லுதா?"

"கடிக்குது. சுண்ணாம்பெல்லாம் சொரண்டித் தின்னுடுச்சு."

"தீனியில தாது உப்பு போடறீங்கதானே?"

"நிறுத்திட்டேன். கம்பெனிக்காரன் ஒரு என்சைம் பவுடர் குடுத்தான். தவிட்டுலயே பாஸ்பரஸ் இருக்குது, பூட்டி வெச்ச மாதிரி இருக்குது, இந்தப் பவுடர்தான் சாவின்னான். இதைப் போட்டா தாது உப்பைக் கொறைச்சுக்கலாம்னான்."

"கொறைக்கச் சொன்னான். நீங்க நிறுத்திட்டீங்க. சரி, பவுடரை எப்படிப் போடறீங்க?"

"எல்லாத்தையும் போடற மாதிரிதான். ஓட்டல் சோறு, தவிடு, புண்ணாக்கோட டிரம்முல கொட்டிக் கொதிக்க வைப்போம்."

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, கொதிக்கிற பால்ல யாராச்சும் ஒறை ஊத்துவாங்களா? தயிர் ஆகுமா? இதுவும் அப்படித்தான். கொதிச்சா செத்துப்போயிடும். பூட்டும் தொறக்கல, வெளியிலேருந்து உப்பும் போகல. குட்டிக்கு எலும்பு எங்கேருந்து வரும்?"

கொதிக்காத எதுவும் தொட்டியில் விழக்கூடாது என்பது சந்திரம்மா வைத்த சட்டம். காய்ச்சல் வந்து பாதிப் பன்றிகளைக் குழியில் தள்ளிய வருஷத்திலிருந்து அதைச் சாமி வாக்குபோலக் காத்துவந்தாள். பவுடர் வந்த முதல் நாள் சுந்தரம் சோம்பேறித்தனமாக, டிரம்மை மறுபடி திறக்க அலுத்துக்கொண்டு, தொட்டியில் ஆறிய தீனியின் மேலேயே அதைத் தூவினான். பளீரென்று கன்னத்தில் அறைந்து, கொதிக்கிற டிரம்முக்குள் போடவைத்தது அவள்தான்.

"போன் எங்கருக்குது?" என்றாள்.

எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் நுழைய ஆரம்பித்திருந்த காலம் அது. ஜெயராஜிடம் ஒன்று இருந்தது. டாக்டரின் மேஜை போனிலிருந்து நம்பரைப் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"டேய், அவனை அவுத்து வுடு. அவன் ஒண்ணும் பண்ணல. தீனியில தப்பு. எம்மேல தப்பு."

போனில் பன்றிகளின் உறுமல் மட்டும் கேட்டது.

"ஜெயராஜ்! கேக்குதா?"

"கேக்குது." குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "லேட்டுக்கா. கை ஒடைஞ்சிருச்சு. ஒரு கண்ணு தொறக்கல. இப்ப வுட்டா நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவான். எனக்கு ஏற்கெனவே கேஸ் ஓடுது, ஜாமீன்ல கீறேன். இன்னொண்ணு போட்டா வெளியே வரவே முடியாது."

"அதுக்கு?"

"பெரிய பட்டி காலையிலேருந்து பட்டினி. தீனி வெக்கல. நீ மெதுவா வா."

போன் வைக்கப்பட்டது.

*

சந்தாபுரா சந்திப்பில் லாரிகள் நெருக்கியடித்து நின்றன. சந்திரம்மா லக்கேஜ் ஆட்டோவை நடைபாதையில் ஏற்றினாள். ஒரு பூக்கூடை பறந்தது. யாரோ "ஏய் ஹுச்சி!" என்று கன்னடத்தில் திட்டினார்கள். பைத்தியக்காரிதான். பெரிய பட்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சாண் நீளத் தந்தம் வைத்த ஆண் பன்றிகளும், வெட்டுக்குத் தயாரான முழுப் பன்றிகளும் அங்கேதான் இருந்தன. அவையும் அதே தீனியைத்தான் தின்றன. சுவரையே கடிக்கிற அளவுக்கு எலும்புச் சத்துக்கு ஏங்கிக் கிடப்பவை. பட்டினியும் சேர்ந்துவிட்டால், உள்ளே விழுகிற மனுஷனில் செருப்புகூட மிஞ்சாது.

அவள் கொட்டகைக்குள் ஓடியபோது ஜெயராஜ் சுந்தரத்தின் இரண்டு கால்களையும் பிடித்துப் பட்டிகளுக்கு நடுவே இழுத்துப் போய்க்கொண்டிருந்தான். சுந்தரத்தின் தலை சிமெண்டில் தட்டித் தட்டிப் போனது. கொட்டகைக் கோடியில் பெரிய பட்டியின் கம்பிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. ரத்த வாடை அங்கே எட்டிவிட்டது.

"வுடுடா அவனை!"

"வராதே! உனக்காகத்தான் பண்றேன். மாட்டினா நீயும்தான் மாட்டுவே. அடிக்கச் சொன்னது யாரு?"

அவள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். ஜெயராஜ் திரும்பி ஒரே குத்து விட்டான். மூக்கில் ஏதோ நொறுங்கியது. சந்திரம்மா பின்னால் சரிந்து, ஒரு சின்னப் பட்டியின் கதவில் முதுகு மோத விழுந்தாள். தம்பி அவளை அடிப்பது இதுதான் முதல் தடவை. அவன் நின்று பார்க்கவில்லை. மறுபடி கால்களைப் பிடித்து இழுத்தான். பெரிய பட்டிக்கு இன்னும் நாலு எட்டுதான்.

பலத்தில் அவனை அவள் ஜெயிக்க முடியாது. கத்தினால் கேட்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் 'ஹர்ர்' என்று மூச்சு கேட்டது. குட்டி போட்டுப் பத்து நாள்கூட ஆகாத தாய்ப்பன்றி. கட்டில் அளவு உடம்பு. பன்றி வளர்க்கிறவன் எவனும் ஒரு காரியத்தை மட்டும் செய்ய மாட்டான். தாயின் கதவு திறந்திருக்கும்போது குட்டியைக் கத்தவிட மாட்டான்.

சந்திரம்மா தாழ்ப்பாளை இழுத்தாள். உள்ளே கைவிட்டு அகப்பட்ட குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஜெயராஜ்!"

அவன் திரும்பியதும் குட்டியை அவன் மார்பில் வீசினாள். யோசிக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டான். குட்டி வீறிட்டது. தகரக் கூரையே கிழியும் சத்தம். தான் என்ன பிடித்திருக்கிறோம் என்று ஜெயராஜின் முகத்துக்குப் புரிந்த அதே கணத்தில் தாய் வெளியே வந்தது.

அது ஓடியதாகவே தெரியவில்லை. அங்கே இருந்தது, அப்புறம் அவன்மேல் இருந்தது. முழங்காலை முட்டிச் சாய்த்தது. தொடையைக் கவ்வி, ஈரத்துணியை உதறுவதுபோல இரண்டு தடவை உதறியது. ஜெயராஜ் அலறிய அலறலில் குட்டியின் சத்தம் அடங்கிப்போயிற்று. குட்டி அவன் கையிலிருந்து நழுவிப் பட்டிக்குள் ஓடியது. அது ஓடியும் தாய் விடவில்லை. வாயை அவன் வயிற்றுக்கு நகர்த்தியது.

சந்திரம்மா பன்றி ஓட்டுகிற பலகையைக் குறுக்கே இறக்கினாள். தோள் கொடுத்து அழுத்தினாள். தாய்ப்பன்றி பலகையை ஒரு தரம் கடித்தது. பிறகு குட்டியின் முனகல் பட்டிக்குள்ளிருந்து கேட்கவே, தலையைத் திருப்பி, எதுவுமே நடக்காததுபோல உள்ளே நடந்தது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். சேலையைக் கிழித்துக்கொண்டு தம்பியிடம் குனிந்தாள்.

*

வழக்கமாகச் சோற்று டிரம் ஏற்றும் வண்டியில் இரண்டு பேரும் அருகருகே கிடந்தார்கள். ஜெயராஜின் தொடையை இறுக்கிக் கட்டிய சேலைத் துண்டு நனைந்து சொட்டியது. சுந்தரம் பாதி நினைவில் இருந்தான். பக்கத்தில் படுத்திருப்பது யாரென்று தெரிந்து, நகரப் பார்த்தான். நகர முடியவில்லை.

பொம்மனஹள்ளியில் ஓர் ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் வந்தது.

"முதல்ல இவன்" என்று சுந்தரத்தைக் காட்டினாள் சந்திரம்மா.

"அக்கா, ரத்தம் போவுதுக்கா" என்றான் ஜெயராஜ்.

"போவட்டும். உனக்கு அடுத்தது வரும்."

டியூட்டி டாக்டர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டான். "ஏனாயித்து? ஆக்ஸிடெண்ட்டா?"

ஜெயராஜ் முந்திக்கொண்டான். "பன்னி சார். ரெண்டு பேரையும் பன்னி கடிச்சிடுச்சு." சொல்லிவிட்டு அக்காளைப் பார்த்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பார்ப்பானே, அதே பார்வை.

சுந்தரம் திறக்க முடிந்த ஒரு கண்ணால் பார்த்துத் தலையாட்டினான். "ஆமா சார். பன்னிதான்." உதடு கிழிந்திருந்ததால் சொல் குழறியது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் உயிரோடு வீடு போகலாம் என்று அவன் கணக்குப் போட்டது சந்திரம்மாவுக்குத் தெரிந்தது. இவனை இந்த நடுக்கத்திலேயே மறுபடி தெருவில் விட்டால், கட்டுப் பிரிப்பதற்குள் ஜெயராஜ் தேடிப் போய் முடித்துவிடுவான் என்பதும் தெரிந்தது.

"பன்னி கடிச்சது என் தம்பியை மட்டும்தான்" என்றாள். "இவனை அடிச்சது என் தம்பி. கொல்லப் பாத்ததும் அவன்தான். அடிக்கச் சொன்னது நான். போலீஸைக் கூப்புடுங்க."

ஜெயராஜ் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அம்மாவைக்கூட அவன் விடவில்லை. அவன் கத்தக் கத்த சந்திரம்மா அவன் தொடைக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கான்ஸ்டபிள் வந்து பெயர் கேட்டபோது அவள் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது.

"வரேன் சார். ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன். வாயில்லா ஜீவனுங்க, பட்டினி கிடக்குது."

வராந்தா காயின் பூத்தில் அவள் போட்டது நாகேஷின் நம்பர். எடுத்தவன், குரலைக் கேட்டதும் கன்னடத்தில் ஏதோ கிண்டலாக ஆரம்பித்தான். அவள் குறுக்கே வெட்டி, கொட்டகைக்குப் போய்த் தீனி வைக்கச் சொன்னாள். தான் வர நாளாகும் என்றாள்.

"நானா? உன் பன்னிக்கா?" என்றான் நாகேஷ், இப்போது தமிழில். "சரி... என்ன வெக்கணும், சொல்லு."

"சோறும் தவிடும் நல்லாக் கொதிக்கட்டும். அப்புறம் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற வுடு. ஆறின பிறகு பவுடர். அலமாரிக்குப் பின்னாடி தாது உப்பு மூட்டை ஒண்ணு பிரிக்காம கெடக்குது, அதையும் போடு. குட்டிங்களைக் காலைப் புடிச்சுத் தூக்காதே. வயித்துக்குக் கீழ கை குடுத்துத் தூக்கு. கேட்டியா?"

"கேட்டேன். வேற?"

"பெரிய பட்டியில எறங்காதே. வெளியேருந்தே கொட்டு" என்றாள் சந்திரம்மா. போனை வைத்துவிட்டு கான்ஸ்டபிளுக்குப் பின்னால் நடந்தாள்.