சாப்பாட்டுக்குத் தூக்கிய கைகள்

ஹென்றிக் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி தர்சிகா கேட்டதே இல்லை. டென்மார்க்கிலிருந்து வந்து ஓராண்டாக மலேசியாவின் ஈப்போ நகரில் தங்கியிருக்கும் மனிதர் அவர். பீடோர் ஊருக்கு அப்பால், முன்பு ரப்பர் பால்மரக் காடாக இருந்த தோட்டத்தில் சூரிய மின்நிலையம் அமைக்கப்போகும் கம்பெனியின் மேலாளர். அந்தக் கம்பெனிக்காக அவள் எடுத்துக் கொடுத்த படத்தை வங்கிக்காரர்கள் பார்த்துவிட்டார்களாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

படம் அவர்களுக்கு ரொம்பவே பிடித்துப் போயிற்று என்றார். முக்கியமாக, கூட்டத்தில் எல்லோரும் சிரித்த முகத்தோடு கை தூக்கும் காட்சி. தோட்டத்தில் குடியிருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் வங்கி கடன் தராது. அது படத்திலேயே கண்கூடாகக் கிடைத்துவிட்டதால் இன்னொரு கூட்டம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இனி வரைபடத்தில் உள்ளபடியே வேலி போட ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுத்த மூன்று படங்களும் அவளுக்கும் அவளோடு சேர்ந்து படமெடுக்கும் கோலினுக்கும்தான் என்று சொல்லிப் போனை வைத்தார். ஆறு வருஷமாகக் கல்யாண வீடியோவும் பள்ளி ஆண்டு விழாவும் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய செய்திதான். ஆனால் தர்சிகா கணினியைத் திறந்து அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

அந்தக் கைகள் சம்மதத்துக்காகத் தூக்கிய கைகள் அல்ல.

உண்மையான கூட்டத்தில் நடந்ததே வேறு. தோட்டத்தில் மிச்சமிருக்கும், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பாதிப் பேருக்குப் பிழைப்பு மாடுதான். கறந்த பால் விடிவதற்குள் பீடோருக்குப் போய்விடும். அந்த மாடுகள் ஆற்றோரம் மேயப் போகும் வழி, சோலார் தகடுகள் வரப்போகும் நிலத்தின் நடுவே போகிறது. வேலி வந்தால் மாடு எப்படிப் போகும் என்று அங்கே மாடு வளர்க்கும் இருதயமேரி எழுந்து கேட்டாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. சரி என்றும் யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து போன முதுகுகள்தான் கேமராவில் இருந்தன.

முதுகுகளை வைத்து எந்தப் படத்தை முடிப்பது? ஹென்றிக் அவசரப்படுத்தினார். ஒரே ஒரு நல்ல காட்சி கிடைத்தால் போதும் என்று தர்சிகா புலம்பியபோது, கோலின் தன் பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்தான். கூட்டம் நடந்த அதே தோட்ட மண்டபத்தில் அந்தோணியார் திருநாள் விருந்து. இந்து, கிறிஸ்துவர் என்ற வித்தியாசமில்லாமல் தோட்டமே உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. கேமராவோடு நாற்காலி மேல் ஏறி நின்று, "யாரெல்லாம் சாப்பிட்டாச்சு, கை தூக்குங்க" என்று அவன் கேட்க, மொத்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டே கை தூக்கியது. தர்சிகா சத்தத்தை எடுத்துவிட்டு, ஹென்றிக் பேசி முடிக்கும் இடத்தில் அதை ஒட்டினாள். அச்சாகப் பொருந்தியது. அன்றைக்கு இருவருமே தங்கள் சாமர்த்தியத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டாமல் எந்தப் படத்தையும் யாரிடமும் கொடுப்பதில்லை. கோலின் கொண்டுவந்த வழக்கம் அது. இந்த முறை நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் கோலின் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஹென்றிக் சொன்னதைக் கேட்டதும் குழாயை மூடினான். பிறகு, அந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, வண்ணம் திருத்திய புதுப்பிரதி என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றான்.

வங்கிக்காரர்கள் பார்த்தாகிவிட்டது, இனி வெட்டி என்ன பிரயோஜனம் என்று அவள் கேட்டாள். ஹென்றிக்கிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றாள்.

"நீ சொல்லிட்டு ஈப்போவுல இருந்துருவ தர்சி. உங்கப்பா பென்ஷன் வாங்குற ஆளு, உனக்கென்ன. கிறிஸ்மஸுக்கு எங்கத்தை வீட்டுல உக்காந்து சாப்பிடப் போறது நான்தான்."

இருதயமேரி அவனுடைய அப்பா யேசுதாசனின் கூடப் பிறந்த அக்கா. பத்து வயதுவரை அவன் அந்த லயத்தில்தான் வளர்ந்தான். அவன் முகத்துக்காகத்தான் அந்த வீடுகள் கேமராவுக்குக் கதவைத் திறந்தன.

"உங்கத்தை மாடு எங்க மேயும், அதைச் சொல்லு."

"காட்சி இல்லன்னு அழுதது யாரு?"

"எடுத்துக் குடுத்தது யாரு?"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்ததும் இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள். கடைசியில் ஒன்றில் மட்டும் உடன்பட்டார்கள். முன்பே செய்திருக்க வேண்டியதை இப்போதாவது செய்வது. படத்தைத் தோட்டத்தில் போட்டுக் காட்டுவது. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று கோலின் நம்பியது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மண்டபத்தின் ஜன்னல்களைப் போர்வையால் மூடிப் படத்தைப் போட்டார்கள். தங்கள் முகத்தையும் வீட்டையும் சுவரில் பெரிதாகப் பார்த்த மக்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து லயத்து முத்தம்மாவின் பசு திரையில் வந்து நின்றதும், "என் சிவப்பியப் பாருங்கடி, என்னைவிட நல்லா இருக்கா" என்றாள் அவள். உன்னைவிடக் கம்மியாகத் தின்கிறது லா, அதனால்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, மண்டபம் குலுங்கியது. அந்தச் சிரிப்பிலேயே கை தூக்கும் காட்சியும் ஓடி மறைந்தது. சிலர் தங்களைப் பார்த்துத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள்.

விளக்கைப் போட்டதும் ஆளாளுக்குப் பிரதி கேட்டார்கள். கோலின் மூச்சு விட்டான். இருதயமேரி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கோலின், அந்தப் பச்சைப் புடவைய நான் திருநாளுக்குத்தானப்பா கட்டுனேன். கூட்டத்துக்கு மாட்டுக் கொட்டகைலேர்ந்து பூட்ஸோட வந்தேன்."

கோலின் கணினியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். தர்சிகா பேச வாயெடுத்தாள்.

"நீ இரும்மா. அவன் சொல்லட்டும்."

அவன் சொன்னான். தலை நிமிராமல், இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டு, வங்கி சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். பிரதி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். அப்படியென்றால் வேலி வந்துவிடுமா என்று முத்தம்மா கேட்டாள்.

இருதயமேரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தர்சிகாவுக்குத் தோன்றியது.

"இனிமே நான் போய் வழி வேணும்னு கேட்டா யாரு நம்புவா? படத்துல பல்லக் காட்டிக்கிட்டுக் கை தூக்கிட்டேனே. நீயே சொல்லு. எந்தப் பொட்டியில பொய்ய ஏத்துனியோ, அதே பொட்டியில சொல்லு."

அங்கேயே கேமராவை நிறுத்தினார்கள். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் அன்று முன்னால் உட்கார்ந்தான். முதல் தடவை, படத்தொகுப்பு என்றால் அப்படித்தான், எங்கும் செய்வதுதான் என்று ஆரம்பித்தான். தர்சிகா நிறுத்தினாள். இரண்டாவது தடவை, எந்த நாளில் எடுத்தது, என்ன கேள்வி கேட்டு எடுத்தது என்று மட்டும் சொன்னான். பிறகு தர்சிகா அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒட்டியது நான்தான் என்று சொன்னாள். இருதயமேரியையும் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டபோது, அவள் "உங்க படம் எனக்குப் போதும்" என்று சொல்லி வெளியே போய்விட்டாள்.

ஒரு இடத்திலும் வெட்டாமல் அன்று மாலையே அதை ஹென்றிக்குக்கு அனுப்பினார்கள்.

ஹென்றிக் திட்டவில்லை. வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னார். அடுத்த மூன்று படங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலி வேலை தள்ளிப்போனது. இரண்டாவது கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இருவரையும் யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். ஹென்றிக்கோடு வங்கியிலிருந்து ஒரு பெண்மணியும் வந்திருந்தாள். வரைபடத்தைச் சுவரில் மாட்டி விளக்கிய பிறகு, மாட்டு வழி வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று கம்பெனி அதிகாரி ஒருவர் தமிழில் சொன்னார்.

ஒரு கைகூட எழவில்லை.

எல்லாக் கைகளும் மடியிலேயே கிடந்தன. முத்தம்மா தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தாள். வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மண்டபத்தில் இனி கை தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். வங்கிப் பெண் பேனாவை எடுத்தாள். யாருக்கும் வழி தேவையில்லை என்று எழுதப் போகிறாள் என்று தர்சிகாவுக்குப் புரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. என்ன உரிமையில் கத்துவது?

கோலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை" என்றான். உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது.

இருதயமேரி தானாகத்தான் எழுந்தாள்.

"கையெல்லாம் தூக்க மாட்டோம்யா. ஒவ்வொருத்தரா வாயால சொல்றோம். சொன்னது சொன்னபடி அந்த அம்மாவுக்கு மாத்திச் சொல்லுங்க."

அவளே ஆரம்பித்தாள். எந்த மாடு, எந்த வழி, மழைக்காலத்தில் எங்கே சேறு என்று எல்லாம் சொன்னாள். அடுத்து முத்தம்மா. அப்புறம் மற்றவர்கள். வங்கிப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். நடுவே ஒரு மழை வந்து ஓய்ந்தது. முடியும்போது ஹென்றிக் வரைபடத்தின் மேல் பென்சிலால் ஆற்றுக்கு ஒரு கோடு இழுத்தார். அந்த வழி உறுதியாகும்வரை வங்கியும் கடன் தராது, கம்பெனியும் வேலிக்காலை நடாது என்று எல்லோர் முன்பும் சொன்னார்.

வெளியே வந்த முத்தம்மா கோலினைப் பார்த்து, "இன்னைக்குப் பொட்டி கொண்டாரலையா? நல்லதுலா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருதயமேரி அவனைக் கடந்து போனாள். நிற்கவில்லை. கொட்டகையில் மாடுகளை அவிழ்த்து ஆற்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். அவன் நாலடி பின்னால் நடந்தான். அவள் திரும்பாததைக் கண்டு நின்றுவிட்டான்.

"போலாம் வா, இருட்டுறதுக்குள்ள" என்றாள் தர்சிகா.

"நீ போ. அத்தை திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கேன்."

"பேசலைன்னா?"

"நாளைக்கும் வாரேன்."

அடுத்த வாரம் தெலுக் இந்தானில் ஒரு கல்யாண வேலை இருந்தது. அதற்கு வருவானா என்று கேட்க நினைத்தாள். காரைக் கிளப்பிக்கொண்டு தனியாக ஈப்போவுக்குத் திரும்பினாள்.