கதவு முளைத்த கார்

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி. கட்டுகஸ்தோட்டையில் ஊரடங்கு. எரிந்த தமிழர் கடைகளின் புகை மகாவலி ஆற்றின் பனியோடு கலந்து, ஜன்னலுக்கு வெளியே உலகம் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. உள்ளே, புடைவை வியாபாரி மர்சூக்கின் வீட்டில் மனைவியோடு ஒளிந்திருந்த அரசாங்க அலுவலகமான கச்சேரியின் பெரிய உத்தியோகத்தர் அம்பிகைபாகன், ஒரு நகைச்சுவைப் படத்தை விசாரணை செய்துகொண்டிருந்தார்.

பயம் மறக்கட்டும் என்று மர்சூக்தான் வீடியோ டெக்கில் படம் போட்டிருந்தார். அம்பிகைபாகனுக்கோ படம் என்பது சிரிப்பதற்கல்ல, பிழை பிடிப்பதற்கு.

"பாத்தீரே லீலா? ஆத்துக்குள்ள விழுந்தவன் எழும்பி வரேக்க சட்டை காய்ஞ்சிருக்கு! உவங்களுக்கு மேற்பார்வை எண்டு ஒண்டு இல்லையோ?"

"இஞ்சாருங்கோ, ஊர் எரியுது. நீங்கள் அவன்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்றாள் லீலாதேவி, மர்சூக்கின் மனைவி ருக்கியா கொடுத்த முக்காட்டுக்குள்ளிருந்து.

கதவு தட்டப்பட்டது. மர்சூக் தன் தொப்பியைக் கழற்றி அம்பிகைபாகன் தலையில் வைத்தார்.

"சேர், இப்ப நீங்க எங்கட மாமா. ஊமை. காதும் கேக்காது. வாயத் தொறந்தீங்கண்டா எங்க எல்லாருக்கும் முடிஞ்சி."

இரும்புக் கம்பிகளோடு மூவர் நுழைந்தார்கள். மாமாவின் குறைகளை மர்சூக் சிங்களத்தில் விளக்கினார். இருவர் அறைகளைப் பார்க்கப் போனார்கள். மூன்றாமவன் திரையைப் பார்த்தான், சிரித்தான், கம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்பிகைபாகனின் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

திரையில் கார் மரத்தில் மோதிக் கதவு கழன்று விழுந்தது. அடுத்த கணம் அதே கார், கதவோடு, கனவில் போவதுபோலப் பாலத்தைக் கடந்தது. அம்பிகைபாகனின் தொண்டையில் ஒரு முழு வாக்கியம் எழுவாய் பயனிலையோடு எழுந்து நின்றது. லீலாதேவி முக்காட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கதவு விழுந்ததே!" என்றான் பக்கத்திலிருந்தவன் சிங்களத்தில். "மாமா, நீங்களும் பார்த்தீர்கள்தானே?"

ஐம்பது வயதில் முதன்முறையாகத் தன் இனத்தவன் ஒருவனைக் கண்டுபிடித்திருந்தார் அம்பிகைபாகன். தலையசைத்தால் போதும், தலை போய்விடும். கண் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தோளில் தட்டினான். அவர் திரும்பி, அலுவலகக் கோப்பு ஒன்றைக்கூடப் படித்தறியாத ஒரு வெள்ளைச் சிரிப்பைக் காட்டினார்.

"பாவம்" என்று எழுந்தான் அவன். மூவரும் போனார்கள்.

மர்சூக் தாழ்ப்பாள் போட்டார். "போயிட்டாங்கள். இனிக் கதையுங்கோ" என்றாள் லீலாதேவி.

அம்பிகைபாகன் வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. ருக்கியா டெக்கை நிறுத்திய பிறகும், வெறுந்திரையைப் பார்த்துக் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டேயிருந்தார்.