இல்லாத சத்தத்தைச் செய்தவன்

கோர்ட் அமீனா எல்லாவற்றையும் எண்ணித்தான் சீல் வைத்தார். ஆட்டுத் தோல் நானூற்றுப் பன்னிரண்டு, எருமைத் தோல் மூன்று, ஆவாரம்பட்டை மூட்டை அறுபது, உடைந்த லாந்தர் ஒன்று, கால் போன நாற்காலி ஒன்று. நாற்காலிக்கு மீதி எத்தனை கால் இருக்கிறது என்பது வரை பட்டியலில் ஏறியது. பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் காய்ச்சலில் சுருண்டு கிடந்த காசி மட்டும் ஏறவில்லை. மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும்படி கோர்ட் உத்தரவில் சொல்லியிருக்கவில்லை.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் இருந்தது தோல் பதனிடும் அந்த ஷாப்பு. அதற்குச் சொந்தக்காரர் இரண்டு பேர்: பெரிய சாயபு ரஷீத் அஹமது, அவர் சித்தப்பா மகன் சின்ன சாயபு ஷபீ அஹமது. பஞ்சாயத்து போர்டு தேர்தலில் ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் நின்றார்கள். அந்தச் சூட்டில் சின்ன சாயபு ஷாப்பின் மேல் வழக்குப் போட, கோர்ட் கதவைச் சாத்தியது. ஆளுக்கொரு பத்திரிகையும் இருந்தது. பெரியவருக்கு ‘பாலாறு தீபம்’, சின்னவருக்கு ‘பாலாறு குரல்’. சாதாரண நாளில் வாரம் ஒரு முறை வருகிறவை, தேர்தல் வந்ததும் தினம் ஒரு தாளாக வர ஆரம்பித்தன. தினம் வருவதென்றால் தினம் எதையாவது எழுத வேண்டுமே.

சீல் வைத்த அன்று காசி வீடு திரும்பவில்லை. அவனோடு வேலை செய்த சவுரிமுத்துவும் திரும்பவில்லை. ஷாப்பு மேஸ்திரி அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

“ரெண்டு பேரும் அரக்கோணம் போய்ட்டானுங்க. ரயில்வேல ஆள் எடுக்கறாங்களாம். வந்துருவானுங்க, போ.”

சவுரிமுத்துவின் பெண்டாட்டி ஆரோக்கியமேரி அதை நம்பினாள். அவள் சின்ன சாயபு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்; அங்கேயும் அதையே சொன்னார்கள், அந்த வீட்டில் சொல்வதை நம்புவதும் வேலையில் சேர்த்திதான். காசியின் பெண்டாட்டி பூவம்மாள் நம்பவில்லை. காய்ச்சலில் தெருமுனை வரைக்கும் நடக்க முடியாதவன் அரக்கோணம் எப்படிப் போவான்?

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஷாப்பின் கழிவுநீர்க் கால்வாய் தெருவில் வந்து திறக்கிற இடத்துக்குப் போய் நின்றாள். ஷாப்பு ஓடாததால் கால்வாயில் நீர் அசையாமல் கிடந்தது. உள்ளேயிருந்து, கல்லின் மேல் இரும்பு விழுவது போல, சத்தம் வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக். ஒவ்வொரு தட்டலுக்கும் நீரின் மேல் ஒரு வளையம் விரிந்து கரையைத் தொட்டது.

கதவுக்கு ஓடினாள். அங்கே பெரியவர் ஆள் ஒருவன், சின்னவர் ஆள் ஒருவன், சீலை யார் தொடுகிறார்கள் என்று ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அமீனாவிடம் ஓடினாள். அவர் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை பொறுமையாகப் படித்துக் காட்டினார்.

“இதுல ஆளுன்னு ஒரு அயிட்டமே இல்லியேம்மா. இல்லாதது எப்படி உள்ள இருக்கும்?”

கடைசியாக ‘பாலாறு தீபம்’ ஆசிரியர் சாமுவேலிடம் போனாள். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர் அவர். பூவம்மாள் படிக்குக் கீழே நின்று சொன்னாள். அவருக்கு முகம் மலர்ந்தது.

“எப்படிப்பட்ட சத்தம்? புலம்பல் மாதிரியா?”

“இல்லிங்க சார். தட்ற சத்தம். என் ஊட்டுக்காரரு உள்ள மாட்டிக்கினு கீறார்.”

“விம்மல்னு சொல்லலாமா?”

“தட்றாருங்க.”

“விம்மல்தான். நீ படிக்காதவ, உனக்கு வார்த்தை தெரியல.”

மறுநாள் தாளில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘பூட்டப்பட்ட ஷாப்பு விம்மி அழுகிறது! ஷபீ அஹமதுவின் வழக்கைக் கண்டு கல்லும் கசிகிறது!’ கீழே இரண்டு பத்தி. காசியைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, “ஒத்த ஆளோட கதைய எழுதினா விஷயம் சின்னதாப் போய்டும்மா” என்றார் சாமுவேல்.

‘பாலாறு குரல்’ ஆசிரியர் சுந்தரமூர்த்தி சும்மா இருப்பாரா? ஏழு சாட்சிகள், ஒரு குடை, ஒரு பாக்கெட் கடிகாரம் சகிதம் கால்வாய்க்கு வந்தார். ஜமுக்காளம் விரித்து, குனிந்து, காதை வைத்தார். பூவம்மாள் பக்கத்திலேயே நின்றாள். டொக், டொக், டொக். அவர் மூக்குக்கண்ணாடி நீரில் தெரிந்தது. தட்டலுக்குத் தட்டல் அந்தக் கண்ணாடி உடைந்து உடைந்து சேர்ந்தது. டொக். அவர் முகத்தில் ஓர் இமை ஆடவில்லை. பொய்யாக நடிக்கிறவன் முகத்தில் எங்கேயாவது ஒரு நரம்பு இழுக்கும். இந்த முகத்தில் எதுவும் இழுக்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் முகம் போல இருந்தது. அவருக்குப் பின்னால் ஏழு முகங்கள், ஏழும் அதே போல.

பூவம்மாளுக்கு அப்போதுதான் முதல் முறையாகப் பயம் வந்தது. இவர்களுக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

“கால் மணி நேரம், ஒரு சத்தமும் இல்லை” என்று சுந்தரமூர்த்தி கடிகாரத்தை மூடினார். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் தலைப்பு: ‘எதிர்க்கட்சிக்குக் காது நோய்.’

அதன் பிறகு ஊரில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேச்சே போய்விட்டது. கேட்டவன், கேட்காதவன் என்று இரண்டே ஜாதி. காப்பி கிளப்பில் பெஞ்சைப் பிரித்துப் போட்டார்கள். நிச்சயமான கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பதால் நின்றது. பள்ளிகொண்டாவில் ஒருவருக்குப் படுத்த இடத்திலேயே கேட்டது. பாகாயத்தில் ஒரு பெரிய மனிதருக்குச் சீல் வைப்பதற்கு இரண்டு நாள் முன்பே கேட்டுவிட்டதாம். கேட்டவர்கள் கால்வாயோரம் பந்தல் போட்டு, முறை வைத்து உட்கார்ந்து, தவில் அடித்து அழுகையை ஆதரித்தார்கள். தவில் சத்தத்தில் உள்ளே தட்டுவது அவர்களுக்கும் கேட்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள்.

பூவம்மாள் சாமுவேலிடம் மறுபடி போய் அழுதாள். “கதவத் தெறக்கச் சொல்லுங்க சார். அஞ்சு நாளாச்சு.”

“தெறந்தா நின்னு போய்டுமேம்மா! தேர்தல் முடியட்டும். இன்னும் பதிமூணு நாள்தானே?”

சுந்தரமூர்த்தியின் பிரஸ் வாசலில் அவருடைய ஆள் சொன்னான்: “இல்லாத சத்தத்துக்குக் கதவத் தெறந்தா, இருக்குதுன்னு ஆய்டும். சும்மா பேஜார் பண்ணாம போ.”

ஆரோக்கியமேரியைக் கையைப் பிடித்துக் கால்வாய்க்கு இழுத்துப் போனாள். “கேளு மேரி. நீயாவது கேளு.”

மேரி குனிந்தாள். நீரில் வளையம் விரிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணும் கேக்கலியேடி. என் ஆளு அரக்கோணத்துலேர்ந்து கடுதாசி போடுவான். உன் ஆளும் போடுவான். அழுவாத.”

ஆறாம் நாள் தட்டல் மெலிந்தது. பூவம்மாள் உட்கார்ந்து யோசித்தாள். உண்மையை இரண்டு இடத்தில் சொன்னாள். ஓர் இடத்தில் அது அழுகையாயிற்று, இன்னோர் இடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. சரி, உண்மையை இத்தோடு விட்டுவிடுவோம் என்று முடிவு கட்டிக்கொண்டு, முகம் கழுவி, நேராக சுந்தரமூர்த்தியிடம் போனாள்.

“ஐயா, ஒரு ரகசியம். பெரிய சாயபு ஆளு ஒருத்தன் உள்ள உக்காந்துக்கினு தட்றான். ஓட்டுக்காக. என் புருஷன்தான். எனக்கே வெக்கமா கீது.”

சுந்தரமூர்த்தி எழுந்தே விட்டார். ஒரே ஒரு கணம் அவர் நெற்றி சுருங்கியது. சத்தமே இல்லை என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார். பிறகு நெற்றி தானாகத் தெளிந்தது. பத்திரிகைக்காரர் நெற்றி அது. சத்தம் இல்லை, சத்தம் செய்கிறவன் இருக்கிறான். இதில் என்ன முரண்பாடு?

ஏழாம் நாள் காலை சப்-இன்ஸ்பெக்டர், அமீனா, சுந்தரமூர்த்தி, ஏழு சாட்சிகள் எல்லோருமாகச் சீலை உடைத்து உள்ளே போனார்கள். கேட்டவர்கள் கட்சியைப் போலீஸ் சாலைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டது. வெற்றுச் சுண்ணாம்புக் குழிக்குள், மதில் ஏறப் பார்த்து விழுந்து, கால் வீங்கிக் கிடந்தான் காசி. தொட்டியிலிருந்து சொட்டிய நீரை நக்கி உயிர் வைத்திருந்தான். ஒருவனைத் தேடிப் போனவர்கள் ஒருவனைக் கண்டதும் திரும்பிவிட்டார்கள். தன்னைத் தூக்கியவர்களிடம் அவன் என்னவோ முனகினான். அவர்களுக்குக் கேட்கவில்லை. அமீனா மறுபடி எண்ணினார். தோல் நானூற்றுப் பன்னிரண்டு, நாற்காலி ஒன்று. மறுபடி சீல் வைத்தார்.

ஸ்டேஷனில் ஒரு காகிதத்தில் பூவம்மாளின் பெருவிரலை உருட்டினார்கள். ‘சத்தம் செய்தது என் புருஷன் காசியே. வேறு யாருமில்லை. இனிமேல் சத்தம் வராது.’

“சத்தம் வந்துச்சோ, இது பொய் வாக்குமூலம்னு ஆய்டும். புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஆளுக்கு ஆறு மாசம்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அதற்கென்ன, வராது. அவள் சந்தோஷமாகவே விரலைக் கொடுத்தாள். கயிற்றுக் கட்டிலில் காசியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் ‘பாலாறு குரல்’: ‘இல்லாத சத்தத்தைச் செய்த கயவன் பிடிபட்டான்!’ ‘பாலாறு தீபம்’: ‘போலி ஆளைக் காட்டி ஏமாற்று வேலை! அழுகை இன்னும் தொடர்கிறது!’ யாரோ படித்துக் காட்டியபோது, ஒரு வாரத்துக்குப் பிறகு பூவம்மாள் சிரித்தாள். தட்டினவன் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான், இவர்களுக்கு இன்னும் கேட்கிறதாம்!

மூன்று நாள் கழித்துத்தான் காசிக்குப் பேசத் தொண்டை வந்தது. கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் ரெண்டு நாள்தான் தட்னேன் பூவு” என்றான். “அப்புறம் கை ஓஞ்சு போச்சு.”

“இன்னா ஒளர்ற? நான் கேட்டதே மூணாம் நாள்தான். அப்புறம் தெனம் கேட்டேனே. மூணு தட்டி, அப்புறம் ஒண்ணு.”

“அது நான் இல்ல. சவுரி. சீல் வெச்ச அன்னிக்கு ஷாப்புக் கெணத்துப் படியில எறங்கிக் குளிச்சிக்கினு இருந்தான். படி சரிஞ்சுது, ஏற முடியாம உள்ளயே மாட்டிக்கினான். அவன் தட்டுவான், நான் படுத்துக்கினு கேட்டுக்கினு இருப்பேன். அது கேக்கற வரைக்கும் நானும் உசுரோட கீறேன்னு தெரியும்.” மூச்சு வாங்கினான். “தூக்கியாந்தவங்க கிட்ட சொன்னேன். அவங்க காதுல வுழல.”

பூவம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஆரோக்கியமேரி. சேலைக் கரையெல்லாம் கால்வாய்ச் சேறு.

“பூவு,” என்றாள். “எனக்குக் கேக்குதுடி. மூணு. அப்புறம் ஒண்ணு. ரொம்ப கம்மியாக் கேக்குது. நீ அப்பவே சொன்னியே, நான் பாவி...” அவள் கைகள் பூவம்மாளின் கையைப் பிடித்தன. “நீ வாடி. ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லு. நான் ஒருத்தி சொன்னா யாரு கேப்பா? நீ சொன்னா தெறப்பாங்க.”

பூவம்மாள் மேரியின் கையைப் பார்க்கவில்லை. தன் பெருவிரலைப் பார்த்தாள். மை இன்னும் போகவில்லை. காசியின் வீங்கிய காலைப் பார்த்தாள். அந்தக் காலோடு ஆறு மாசம்.

பகல் நிசப்தத்தில், தெருக்கோடியிலிருந்து வந்தது. டொக், டொக், டொக். கிண்ணத்துக் கஞ்சியின் மேல் ஒரு வளையம் விரிந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே, மேரி.”

சொன்ன அந்த நொடியில், விளக்கை ஊதினது போல, சத்தம் நின்றது. பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தும் என அவள் காத்திருந்தாள். பொய்யாகவே இல்லை. உண்மையிலேயே எதுவும் கேட்கவில்லை. ஆனால் கஞ்சி அசைந்துகொண்டிருந்தது. மேரி கதவுப் பக்கம் தலையைத் திருப்பி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் காசியின் விரல், அவனையறியாமல், சட்டத்தின் மேல் பதில் தட்டியது. மூன்று முறை. கொஞ்சம் விட்டு, ஒரு முறை.

விரல் மேலே போய்க் கீழே வருவதைப் பூவம்மாள் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் இன்னா அப்டி பாக்கறீங்க?” என்றாள்.