துளையிலிருந்து அளந்தது

ஒன்றை அளக்கும் முன் அதை உட்கார வைக்க வேண்டும். அடியில் மூன்று தொடுபுள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. பிறகு அசையாது. எல்லா அளவும் அடிப்பரப்பிலிருந்து என்பது வரைபடத்தின் உத்தரவு.

ஆலையில் அன்று என் சோதனை மேசைக்கு வந்தவை நாற்பது இரும்புத் தாங்கிகள். ஒவ்வொன்றிலும் நான்கு துளைகளும் சேர்ந்தாற்போல் கால் மில்லிமீட்டர் கீழிறங்கியிருந்தன. துளையிடும்போது அடியில் இரும்புச் சீவல் சிக்கியிருக்கும். அதைத் துடைக்காமல் துளையிடும் மெஷினில் பூட்டியது என் அண்ணன்.

தேநீர் நேரத்தில் வந்தான்.

“என்ன மகாராணி, கூடப்பொறந்தவன் சரக்கையே கழிச்சுட்டீங்களாமே.”

“நான் கழிக்கல. அளவு கழிச்சுது.”

“கால் மில்லி. நாலு முடி கனம். என் தலையில எண்ணினாக்கூட அவ்வளவு தேறாது.”

சிரித்துவிட்டேன்.

“சரி விடு. அம்மாவை இன்னைக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், என் முறை. மெஷினை விட்டு நகர முடியல. நீ போறியா? இதுங்களை நானே கழிவுக்கான சிவப்புப் பெட்டியில போட்டுடறேன்.”

போனேன்.

மூன்று வாரம் கழித்து நாற்பதும் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தன. போல்ட் நுழையவில்லையாம். மேலாளர் அன்றைய அளவு அறிக்கையை என் முன் வைத்தார். என் பெயரில், எல்லாம் சரி என்று. அடிப்பரப்புக்குப் பதிலாக முதல் துளை அளவுக்கு ஆதாரமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து அளந்தால் மற்ற மூன்றும் அச்சு அசலாக இருக்கும். பதிவான நேரம் அன்று காலை பதினொன்று நாற்பது. அப்போது நான் மருத்துவமனையில் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றார்.

நடைவழியில் அண்ணன் நின்றிருந்தான்.

“அவசரத்துல தப்பா எடுத்துட்டேன்னு சொல்லிடு. உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். எனக்கு வேலையே போயிடும்.”

“அன்னைக்கு உன் மெஷின் நிஜமாவே ஓடுச்சா?”



“தானாடாட்டியும் தசையாடும்பாங்க,” என்றான்.

“உனக்கு ஆடுச்சா?”

மேலாளர் அறைக்குள் போனேன். அன்று அந்த நேரத்தில் நான் ஆலையில் இல்லை என்றேன்.

“உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“என் அண்ணனுக்கு.”

“நீங்க சொன்னீங்களா?”

“சொல்லல சார். பாஸ்வேர்டே அவன் பொறந்த தேதிதான்.”

மேலாளர் பேனாவைத் திறந்தார். தேதியைக் கேட்டார். சொன்னேன்.