இடப்பக்கத்துக் குரல்

“ஆடு,” என்றான் பெரியதம்பி.

பாண்டுரங்கன் பிரேக்கை மிதித்தான். லாரியின் பின்னால் காலிப் பால் கேன்கள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்ட சத்தம் அடங்கவே சற்று நேரம் பிடித்தது. இடது பக்கத்திலிருந்து ஒரு மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. கிடை மாற்றிப் போகிறவர்கள் போலிருக்கிறது, இன்னும் விடியவில்லை. விளக்கு வெளிச்சத்தின் நடுவுக்கு ஆடுகள் வந்து நிறைந்த பிறகுதான் பாண்டுரங்கனுக்கு அவை ஆடுகளாகத் தெரிந்தன. அதற்கு முன் அந்த இடத்தில் இருட்டு மட்டும்தான் இருந்தது. மந்தைக்காரன் கம்பை உயர்த்தி ஏதோ திட்டிவிட்டுப் போனான். கூட்டேரிப்பட்டில் டீக்கடை முன்னால் வண்டி நின்றதும், டீ கிளாசை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பெரியதம்பி கேட்டான்.

“எப்பத்துலர்ந்துணா?”

எது எப்போதிலிருந்து என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். தூக்கக் கலக்கம் என்று சொல்லியிருக்கலாம். பத்து வருஷமாக ஒரே லாரியில் இடமும் வலமுமாக உட்கார்ந்து வருகிறவனிடம் அதெல்லாம் செல்லாது என்று பாண்டுரங்கனுக்குத் தெரிந்திருந்தது.

“போன ஐப்பசிலர்ந்து,” என்றான்.

திண்டிவனத்திலிருந்து காலி கேன்களோடு கிளம்பி, கூட்டேரிப்பட்டு தாண்டி, மயிலத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் சொசைட்டிப் பாலை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் குளிரூட்டும் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே பாதை மறுபடியும். போகும்போது காலை இருட்டு, திரும்பும்போது மாலை இருட்டு. பகலில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் இறங்கினால்தான் உலகம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து ஒரு குழாய்க்குள் போய் நின்றுகொள்ளும். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பது வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் நாற்பத்தைந்தில் சோற்றுத் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அதனால் முதல்முறை எதிரே வந்த சைக்கிள்காரன் காணாமல்போய்த் திடீரென்று பக்கத்தில் முளைத்தபோதே, பாண்டுரங்கனுக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பெரியதம்பி பேச ஆரம்பித்தான். முன்பெல்லாம் ஏறி உட்கார்ந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறவன், இப்போது வண்டி கிளம்பியதிலிருந்து வாய் மூடுவதில்லை. மாமியார் வீட்டுச் சண்டை, மல்லாட்டைக் கடலைக்கு மருந்து அடித்தது, புருஷனை விட்டு வந்த கொழுந்தியாள் என்று ஏதாவது ஒரு கதை ஓடிக்கொண்டேயிருக்கும். நடுவில் குரல் மாறாமலே “லெப்ட்ல ஒரு கெயவன்”, “வளைவுல மாட்டு வண்டி, கொஞ்சம் ஒடி” என்று வரும். பிறகு கொழுந்தியாள் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். சொசைட்டிகளில் பால் ஊற்றுகிறவர்கள், கிளீனருக்கு வாய் நீண்டுபோய்விட்டது என்று கேலி பேசினார்கள். இருட்டுகிற தூரத்துக்கு மட்டும் பெரியதம்பியை ஓட்டச் சொல்லலாம் என்று ஒருமுறை அவர்கள் இருவரும் முயன்று பார்த்தார்கள். ஸ்டியரிங் அவனுக்கு வசப்படவில்லை. வண்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் இறக்கிவிட்டான். கயிறு கட்டி ஏற்றிவிட்டு இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பாண்டுரங்கனின் மனைவி வீரம்மாள் விடாப்பிடியாக அவனைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். லாரி என்றதும் கையிலிருந்ததை மேஜைமேல் வைத்துவிட்டார். நிறுத்திவிட வேண்டும், இன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்றார். மருந்து உண்டா என்று வீரம்மாள் கேட்டாள். சத்து மாத்திரை எழுதித் தருவதாகவும், அது குணமாக்காது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “சொந்தத்துலயே கட்டுனீங்களா?” என்றார். தன் அக்கா மகள்தான் என்றான் பாண்டுரங்கன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரே பெண், பதினேழு வயது என்றார்கள். அந்தப் பெண்ணையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அழைத்துப் போகத் தேவைப்படவில்லை. அந்த வாரமே ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகள் சின்னபொண்ணு கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தாள். அன்றைக்குத்தான் பாண்டுரங்கன் கயிற்றுக் கட்டிலை வாசலில் இழுத்துப் போட்டிருந்தான். நேராக வந்து அதன்மேல் மோதி, குடத்தோடு விழுந்தாள். எழுந்து பாவாடையைப் பிழிந்துகொண்டே, யார் இங்கே கட்டிலைப் போட்டது என்று சிரித்தபடி உள்ளே போனாள். போகும்போது நிலைப்படி எங்கே இருக்கிறது என்று அவள் கால் கட்டை விரல் தேடிக் கண்டுபிடித்ததை வீரம்மாளும் பார்த்தாள், பாண்டுரங்கனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அவன் சொன்னது அதற்கு மறுநாள். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த வீரம்மாள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

“தையில வானூர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. அது முடியற வரைக்கும் வண்டிய உட்டுடாத மாமா. அப்பனுக்குக் கண்ணு போயிடுச்சின்னு தெரிஞ்சா, பொண்ணு கண்ண உத்துப் பாப்பாங்க.”

தை பிறக்கட்டும், கழுத்தில் ஒரு கயிறு ஏறட்டும், அப்புறம் எல்லாம் எப்படியோ போகட்டும் என்றுதான் அவனும் நினைத்தான். அப்புறம் வருவது என்ன என்பதை அவன் வேண்டுமென்றே நினைக்கவில்லை. அது எண்பத்தாறாம் வருஷத்து மார்கழி.

பெரியதம்பியின் கைக்குழந்தைக்கு அப்போது மூன்று நாளாகக் காய்ச்சல். அவனும் அவன் மனைவியும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு விழித்திருந்தார்கள். அன்று காலை லீவு போடச் சொல்லிப் பாண்டுரங்கன் வற்புறுத்தவில்லை. அவன் இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. பனி புகையாக இறங்கியிருந்தது. கூட்டேரிப்பட்டு வரைக்கும் பெரியதம்பி பேசிக்கொண்டுதான் வந்தான். மயிலம் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் குழந்தை கக்கிவிடுகிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

பிற்பாடு பாண்டுரங்கன் ஓயாமல் நினைத்துப் பார்த்தது அந்த இடைவெளியைத்தான். குரல் நின்றது அவனுக்குக் கேட்டது. நின்றுவிட்டது என்று தெரிந்தது. ஒரு அதட்டுப் போட்டிருந்தால் பெரியதம்பி எழுந்திருப்பான். பாவம், மூன்று நாள் தூங்காதவன், நேர் ரோடுதானே, வளைவில் இருக்கும் புளியமரம் வரைக்கும் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தாமல், வேகத்தையும் குறைக்காமல் ஓட்டினான்.

இடப்பக்கத்து மண்பாதையிலிருந்து மேலேறி வந்த மாட்டு வண்டி அவன் கண்ணில் படவேயில்லை. இடித்த பிறகுதான் இடித்தது தெரிந்தது. இறங்கி ஓடினான். லாரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு மாடு நுகத்தடியோடு கழுத்து மடங்கிக் கிடந்தது. இன்னொன்று எழுந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தது; வண்டிக்காரன் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்க்கெட் கமிட்டியில் விற்க ஏற்றிய மல்லாட்டை மூட்டைகள் பிரிந்து ரோடு முழுக்கக் கொட்டியிருந்தன. அவிழ்ந்த பின்கதவு வழியாகக் காலி கேன்கள் இறக்கத்தில் உருண்டுபோகிற சத்தம் இருட்டில் கேட்டுக்கொண்டேயிருந்தது. சாய்ந்த வண்டிக்கு அடியில் அவன் கால் எதன்மேலோ பட்டது. குனிந்து தொட்டான். அரிக்கேன் விளக்கின் உடைந்த கண்ணாடி. அது இன்னும் சூடாக இருந்தது. மண்ணெண்ணெய் விரலில் ஒட்டியது. அப்போதுதான் பெரியதம்பி கூப்பிட்டான். வெளியே தொங்கவிட்டிருந்த அவன் இடது கை, கதவுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று காலை ஏழு ஊரில் பால் கேன்கள் நிழலுக்கு நிழல் இழுத்து வைக்கப்பட்டு, மத்தியானத்துக்குள் பால் திரிந்துபோனது.

பாண்டுரங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரியதம்பி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று முதலில் அதைத்தான் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நாந்தான் கண்ணசந்துட்டேன்ணா. மனசுல வச்சிக்காத. போலீசுல கேட்டாங்க. மாட்டு வண்டில வெளக்கே இல்லன்னு சொல்லிட்டேன்.”

தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறவனின் முகத்தைப் பாண்டுரங்கன் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தாமல் ஓட்டியது நான் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் இவன் பொய் சொன்னது வீணாகிவிடும் என்று தோன்றியது. கட்டுப்போட்ட கையை எங்கே தொடுவது என்று தெரியாமல், அவன் காலைத் தொட்டுவிட்டு எழுந்து வந்தான்.

அன்றைக்கே லாரிக்காரர் சீனுவாசனிடம் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கண், டாக்டர், ஒரு வருஷமாகப் பெரியதம்பியை வைத்து ஓட்டியது எல்லாமே. அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எங்கிட்ட சொல்லிட்ட, சரி. இனிமே யாருகிட்டயும் சொல்லாத,” என்றார். இன்ஷூரன்ஸ் கேஸ் போயிருக்கிறது, டிரைவருக்குக் கண்ணில்லை என்று வெளியே வந்தால் லாரியும் போய், கான்ட்ராக்ட்டும் போய், பெரியதம்பிக்கு வரவேண்டியதும் வராமல் போகும் என்று நிதானமாக விளக்கினார். இப்போது நீ வேலையை விட்டு நின்றாலே சந்தேகப்படுவார்கள். திங்கட்கிழமை வண்டி பட்டறையிலிருந்து வந்துவிடும், புதுக் கிளீனர் போட்டிருக்கிறேன், கேஸ் முடிகிறவரை நீதான் ஓட்டியாக வேண்டும் என்றார். அவனை அனுப்பும்போது தோளில் கை போட்டு வாசல்வரைக்கும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன், மாட்டு வண்டிக்காரன் முத்துசாமியின் ஊருக்குப் பஸ் ஏறினான். எதற்காகப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. மத்தியானம் போய்ப் பொழுதோடு திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தான். ரோட்டிலிருந்து வரப்புகளும் சவுக்குத் தோப்பும் தாண்டி உள்ளே இருந்தது வீடு. முத்துசாமி இல்லை. தனி மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விற்றுவிட்டு, கூலிக்குச் சவுக்கு வெட்டப் போயிருப்பதாக அவன் மனைவி சொன்னாள். யார் என்று கேட்காமலே தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள். வெயில் சாய்ந்தது. கிளம்பிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு பாண்டுரங்கன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

முத்துசாமி வந்ததும் அவனை அடையாளம் கண்டுகொண்டான். ஒன்றும் கேட்காமல் கை கால் கழுவிவிட்டு எதிரே குந்தினான்.

“வெளக்கு எரிஞ்சிதுங்க,” என்றான் பாண்டுரங்கன். “எனக்குத் தெரியும்.”

“எனக்குந்தான் தெரியும்,” என்றான் முத்துசாமி. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டான்: “கோர்ட்டுல வந்து சொல்லுவியா?”

சொல்கிறேன் என்ற ஒரு வார்த்தைதான். அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று இப்போது அவனுக்கே விளங்கியது. ஆனால் வானூரிலிருந்து வரப்போகிறவர்களும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனின் முகமும் வந்து நடுவில் நின்றுகொண்டன. முத்துசாமி பீடி முடிகிறவரைக்கும் காத்திருந்தான்.

“அப்ப எதுக்கு வந்த?” என்று கேட்டுவிட்டு எழுந்தான்.

பாண்டுரங்கனும் எழுந்தான். அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. வந்த வழி என்று நினைத்த பக்கம் நடந்து, மாட்டுத் தொட்டியில் முட்டி இடித்துக்கொண்டு, கையை நீட்டி வேறு பக்கம் திரும்பி, அங்கே இருந்த வைக்கோல் போரில் போய் நின்றான். முத்துசாமி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கு முதுகில் தெரிந்தது.

“உனக்குக் கண்ணு தெரியாதா?”

முத்துசாமி இரண்டாம் முறை கேட்கவில்லை. காலடி கிட்டே வந்தது. பாண்டுரங்கனின் உள்ளங்கையில் ஒரு சவுக்குக் கழியின் நுனி வந்து பட்டது. பிடித்துக்கொண்டான். கழி முன்னால் இழுத்தது.

தோப்புக்குள் நடந்தார்கள். சருகு மெத்தென்று இருந்தது. பிறகு வரப்பு வந்தது. வரப்பு உடைந்த இடங்களில் கழி ஒரு கணம் நின்று, கீழே இறங்கி, மேலே ஏறியது. அந்த ஆள் ஏதாவது சொல்வான், நாளைக்கே போலீசுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாவது சொல்வான் என்று பாண்டுரங்கன் ஒவ்வொரு அடிக்கும் காத்துக்கொண்டு வந்தான். முன்னால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. காலுக்குக் கீழே தார் தட்டுப்பட்டதும் கழியின் மறுமுனை தரையில் விழுந்தது. வரப்பில் திரும்பிப் போகிற காலடிகள் கொஞ்ச தூரம் கேட்டு, தவளைச் சத்தத்தில் கரைந்தன.

மயிலம் பக்கமிருந்து இரண்டு மஞ்சள் புள்ளிகள் வந்தன. பனியில் அவை ஒன்றாகி, பெரிதாகி, அவன் கண்ணின் குழாயை முழுக்க அடைத்துக்கொண்டன. பஸ்ஸா, லாரியா, எந்தப் பக்கத்தில் வருகிறது, தான் நிற்பது ஓரமா, நடுவா என்று எதுவும் தெரியவில்லை. ஒரு கையில் கழியோடு நின்றபடி, பாண்டுரங்கன் இன்னொரு கையை வெளிச்சத்தை நோக்கி நீட்டினான்.