இறங்க ஆள் இல்லை

கணவனின் அண்ணன் அலமாரியின் மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். கூடத்தில் தம்பியின் உடலைக் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இவருக்கு மாத்திரை வேட்டை.

“எங்கேம்மா ஒளிச்சு வச்சிருப்பான்?”

“இல்ல மாமா. அவர் விட்டுட்டாரு.”

“விட்டவன் இப்படிப் போவானா? ராத்திரி அள்ளிப் போட்டிருப்பான்.”

அவர் கலைத்துப் போட்ட துணிகளை அவள் மடிக்க ஆரம்பித்தாள்.

பஸ் ஓட்டி ஓட்டி முதுகு போய், வலி மாத்திரையில் விழுந்தவன் அவன். அதை விட்டால்தான் மறுபடி வண்டி என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். பகல் எப்படியோ ஓடிவிடும். காலைதான் பாடாய்ப் படுத்தும். கண் விழிக்கும்போதே வியர்வை, நடுக்கம், நெஞ்சை அடைக்கிற பதற்றம்.

அதைத் தாண்ட இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தன் பழைய ரூட்டின் ஸ்டாப்பிங்குகளை வரிசையாகச் சொல்வான். அவள்தான் கண்டக்டர். அவள் “ரைட்” சொன்னால்தான் அடுத்தது. கடைசி ஸ்டாப்பிங் வருவதற்குள் நடுக்கம் அடங்கிவிடும். சில நாள் சிரிப்புகூட வந்துவிடும்.

இன்றும் அப்படித்தான் கிளம்பினார்கள். டிப்போ, பாலம், பள்ளிக்கூடம். பிறகு அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“ஆஸ்பத்திரி.”

“இறங்க ஆள் இல்ல. ரைட், போலாம்.”

“ஆஸ்பத்திரி.”

“என்ன டிரைவரே, வண்டி நகரவே மாட்டேங்குது? பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாருங்க.”

அவன் அவளையே பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை சொல்ல அவன் வாயெடுத்தான், குரல் வரவில்லை. அப்படியே அவள் தோளில் சாய்ந்தான். நடுக்கம் நின்றுவிட்டது, நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தாள்.

“ஏம்மா, பேச மாட்டேங்கிற?” அண்ணன் இழுப்பறையை இழுத்தார். “மாத்திரை போடலன்னா காலைல என்னதான் ஆச்சு? நீதான கூட இருந்த.”

சொன்னால் அவன் பெயராவது மிஞ்சும். ஆனால் அவன் ஆஸ்பத்திரி கேட்டதை ஸ்டாப்பிங் என்று எண்ணித் தான் சிரித்ததையும் சொல்ல வேண்டும். கூடத்தில் யாரோ, “மாத்திரைதானாமே,” என்று கிசுகிசுத்தது நன்றாகவே கேட்டது. அத்தனை நாள் காலையிலும் அவன் பட்ட பாடு ஒரு சொல்லில் போயிற்று. தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இழுப்பறையில் ஒன்றுமில்லை. “கெட்டிக்காரன்,” என்றார் அண்ணன். பிறகு கட்டிலைப் பார்த்தார். “மெத்தைக்கடியில பாத்தியா?”

“பாக்கல மாமா.”

மெத்தையின் ஒரு முனையை அவளே தூக்கிப் பிடித்தாள். அவர் குனிந்து உள்ளே கையை விட்டார்.