உச்சிக்கு முக்கால் மணி நேரம்

1

இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு அனயேல் போன வாரம் ஒரு தார் வாழைக்காயைக் கொண்டுவந்து என் சமையலறை மேடையில் வைத்தார். "டீச்சர், உங்க பாஷையில கதை எழுதுவீங்களாமே. என்னப் பத்தி ஒண்ணு எழுதுங்க. நான் மலையுச்சிக்குப் போனேன்னு எழுதுங்க" என்றார்.

போனீர்களா என்று கேட்டேன்.

"நீங்க எழுதுங்க" என்றார் மறுபடியும்.

வாழைக்காயை வாங்கிக்கொண்டேன், ஆகவே எழுதியாக வேண்டும். பத்தொன்பது வருடமாக, கிளிமஞ்சாரோ அடிவாரத்து மச்சாமேயில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விடை தெரியாத கணக்கைப் பலகையில் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் பாதியில் விடுவதாக இல்லை. அந்த மனிதரும் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை.

(கடைசி வாக்கியம் உண்மையா என்பதுதான் கதையே. இப்போதைக்கு இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "கிளிமஞ்சாரோவின் பனிமுடி காலை வெயிலில்..." அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் மலையை அப்படிப் பார்ப்பதில்லை. துவைத்த துணி காயுமா என்று தெரிந்துகொள்ளத்தான் அண்ணாந்து பார்ப்போம்.

இரண்டாவது: "அனயேல் பிறந்தபோது அவருடைய..." வேண்டாம். பிறந்த கதையைத் தொட்டால் மலையடிவாரத்திலேயே பக்கம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது: "அனயேல் ஒரு பொய்யர்."

இது நிற்கும் போலிருக்கிறது, கொஞ்சம் அநியாயம்தான் என்றாலும். அவர் சொன்னது ஒரே ஒரு பொய். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சுமை தூக்கும் வேலையில் சேர்ந்து, முதல் தடவை மலையிலிருந்து இறங்கிய வாரத்தில், ஐகண்டே என்ற பெண்ணிடம் தான் உச்சியில் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம் ஆனது. சர்ச்சில் ஐகண்டே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். மகள் லைட்னஸ் வளர்ந்து அவளும் சொன்னாள். அனயேல் ஒருநாளும் மறுக்கவில்லை. பிறகு அவர் சமையற்காரராக உயர்ந்தார், அதோடு உச்சி இன்னும் தள்ளிப்போனது.

3

ஏன் தள்ளிப்போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நடை மொத்தம் ஏழு நாள். ஆறாம் நாள், மலையேற வந்த விருந்தினர்களை வழிகாட்டிகள் உச்சிக்குக் கூட்டிப்போவார்கள்.* சுமைக்காரர்கள் பராஃபு என்ற கடைசி முகாமில் படுத்துக் கிடப்பார்கள். சமையற்காரருக்கு மட்டும் படுக்க முடியாது. உச்சிக்குப் போனவர்கள் செத்துப் பிழைத்து இறங்கி வரும்போது கையில் சூடாக ஒரு கிண்ணம் இருக்க வேண்டும்.

அனயேல் வைப்பது ம்டோரி, அதாவது வாழைக்காயும் மாட்டிறைச்சியும் சேர்ந்த கெட்டியான சூப். இங்கே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் எதுவும் வேகாது. குக்கரில் போட்டு எடுத்து, மசித்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைக்க முடியாது, அதனால் அவர் மேலே போக முடியாது. சுமை தூக்கிய வருடங்களும் சேர்த்து இருபத்திரண்டு வருடம் இப்படியே போயிற்று.

இந்த வருடத்தோடு போதும் என்று அவருடைய முழங்கால் சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பயணம்.

* அவர்கள் கிளம்புவது நள்ளிரவில். அந்த இருட்டையும் நெற்றி விளக்கையும் வேறு யாராவது எழுதட்டும். இந்தக் கதை பகலில் ஏறும்.

4

கிளம்பிய அன்று அனயேல் வேலியிலிருந்து ஒரு மசாலே இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் வேலியெல்லாம் மசாலேச் செடிதான். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அந்த இலையை நீட்டினால் போதும். எதிரில் இருப்பவர் வாங்கியே ஆக வேண்டும், வாங்கினால் மன்னித்தே ஆக வேண்டும். கொலைப் பகையெல்லாம் அந்த இலையில் தீர்ந்திருக்கிறது.

அவர் போட்ட திட்டம் இது. உச்சியைத் தொட்டுவிட்டால் பொய் உண்மையாகிவிடும், இலையை மேலேயே வீசிவிடலாம். தொடாவிட்டால் இறங்கி வந்து ஐகண்டேயிடம் நீட்டிவிடுவது.

இலைதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு மலை என்று கேட்டேன்.

"இலையக் குடுத்தா அவ மன்னிச்சுதான் ஆகணும், டீச்சர். அவளா மன்னிச்சாளா, இலைக்காக மன்னிச்சாளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

[இந்த இடத்தில் காதலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் சொன்னதே போதும்.]

5

அடுத்து வரும் பெண்ணை நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். முதலில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. மூன்று தடவை கதையிலிருந்து நீக்கிப் பார்த்தேன், அவள் இல்லாமல் அனயேல் கூடாரத்தை விட்டு நகரவே மறுக்கிறார்.

அவள் பெயர் ரக்னா. நார்வேக்காரி, வயது அறுபத்தொன்று. ஐந்தாம் நாள் மாலை விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்த தலைமை வழிகாட்டி காட்லிசன், நீங்கள் மேலே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அழுதாள், கெஞ்சினாள். எத்தனையோ விருந்தினர்களின் அழுகையைப் பார்த்தவர் அவர், மசியவில்லை.

பொழுது விடிந்ததும் ரக்னா சமையல் கூடாரத்துக்கு வந்து கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். நீங்கள் எத்தனை தடவை மேலே போயிருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவகூட இல்ல."

இருபத்திரண்டு வருடத்தில் இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் தனக்கே காது அடைத்துப்போனது என்றார்.

ரக்னா எழுந்து அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். "நான் போக முடியாது. நீங்க போகலாம். எப்பிடிக் கிளறணும்னு மட்டும் காட்டுங்க" என்றாள்.

காட்டினார். அடியில் சுரண்டிக் கிளற வேண்டும், நிறுத்தக் கூடாது, யாராவது பேச்சுக் கொடுத்தாலும் நிறுத்தக் கூடாது. அவள் தலையாட்டினாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

6

ஏறியதை அனயேல் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். சரளை காலை வாரிக்கொண்டே இருந்தது. முழங்காலைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறினார்.

ஒன்பதரை மணிக்கு எரிமலை வாயின் விளிம்புக்கு வந்துவிட்டார். அங்கிருந்து உச்சிக்கு முக்கால் மணி நேரம். ஏற்றம் குறைவு, வழி நேராகத் தெரியும். அந்த விளிம்பில்தான் காட்லிசன் விருந்தினர்களோடு எதிரே இறங்கி வந்தார்.

"நீ இங்க என்ன பண்ற? சூப்ப யாரு பாக்குறா?"

"விருந்தாளி பாக்குறாங்க."

காட்லிசன் கீழே முகாம் இருக்கும் திசையை எட்டிப் பார்த்தாராம்.

விருந்தினரில் ஒருவருக்குக் கால் பிசகியிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. உதவி வழிகாட்டிகள் இருவர் ஆளுக்கொரு தோள் கொடுத்துத் தாங்கியிருந்தார்கள், அவர்களுக்கும் மூச்சு வாங்கியது. மாற்றிக்கொள்ள இன்னொரு தோள் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், இல்லையென்றால் நான்கு.

காட்லிசன் அனயேலைப் பார்த்தார், பிறகு பின்னால் உச்சியைப் பார்த்தார்.

"போறதுன்னா போ. இவர நாங்க எறக்கிருவோம். மெதுவா."

அந்த "மெதுவா" என்ற சொல்லை அனயேல் என் சமையலறையில் மூன்று தடவை சொல்லிக்காட்டினார். அதோடு நிறுத்திவிட்டு அடுத்த வாழைக்காயை உரிக்க ஆரம்பித்தார்.

அப்புறம் என்றேன்.

"அப்புறம் என்ன, சூப் அடிபிடிக்கவே இல்ல. எல்லாரும் ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனாங்க."

அவர் உதடு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. இலை எங்கே என்று கேட்டேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையின் பொத்தான் போட்டிருந்தது, அதைக் கழற்றாமலே கையை எடுத்துக்கொண்டார்.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அவர் போகிறார். உச்சிப் பலகையைத் தொட்டு, தனியாக, சத்தமாக... இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. கீழே ஒருவர் நொண்டி இறங்கும்போது அங்கே நின்று அவர் என்ன கத்தியிருப்பார்?

இன்னொன்றில் குனிந்து தோள் கொடுக்கிறார். அழகான முடிவுதான், படிக்கிறவர்களும் நல்ல மனிதர் என்பார்கள். எனக்கு மட்டும் கோபம் வருகிறது. அந்த மனிதர் இருபத்திரண்டு வருடம் தோள் கொடுத்தது போதாதா?

காட்லிசனுக்குப் போன் போட்டேன். "சமையற்காரர் எங்க போனார்னு சமையற்காரரக் கேளுங்க, டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

8

இன்று காலை ஐகண்டே வந்தாள். கதை முடிந்ததா என்றாள். இரண்டு விதமாக முடிந்திருக்கிறது, உன் பாஷையில் படித்துக் காட்டவா என்றேன். உட்காரவில்லை.

"இருபத்தியோரு வருஷமா அவர் சட்டையத் துவைக்கிறேன், டீச்சர். மேல போய்ட்டு வர்றவங்க உதடு வெடிச்சு, மூக்குத் தோல் உரிஞ்சு வருவாங்க. இவரு வெங்காய வாடையோட வருவாரு. மொதத் தடவ வந்து சொன்னப்பவே உதடு நல்லாத்தான் இருந்துச்சு, அப்பவே எனக்குத் தெரியும்."

தெரிந்துமா சும்மா இருந்தாய் என்றேன்.

"சர்ச்சுல எல்லாரும் அவரத் திரும்பிப் பாக்குறப்போ நல்லாருந்துச்சு. அவரு அந்தப் பொய்யத் தூக்கிட்டு ஏறி ஏறி எறங்குனாரு. நான் எறக்கி வெக்கச் சொல்லல."

இந்தத் தடவை உதடு வெடித்திருக்கிறதே என்றேன். விளிம்புக் காற்றே போதும் உதடு வெடிக்க என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

காகிதத்தை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"படிக்காதீங்க. தெரிஞ்சுட்டுப் போய் மன்னிப்புக் கேட்டா அது கணக்குல சேராது."

வெளியே போய் என் வேலியில் ஒரு மசாலே இலையைக் கிள்ளினாள்.

இப்போது நான் ஜன்னலில் நின்று எழுதுகிறேன். அனயேல் அவர் வீட்டு வாசலில் குந்தி வாழைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறார். ஐகண்டே அவருக்கு எதிரே போய் நின்று, இலையை நீட்டுகிறாள். அவர் இலையைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். கத்தி கீழே விழுகிறது. வாங்கிக்கொள்கிறார், வாங்கித்தானே ஆக வேண்டும்.

பிறகு சட்டைப் பையின் பொத்தானில் கை வைக்கிறார்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். என்னிடம் இருந்த இரண்டு முடிவுகளும் அடுப்பில் எரிகின்றன. அந்தப் பையில் இலை இருக்கிறதா இல்லையா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எதை எழுதினாலும், அவள் முந்திக்கொண்டாள் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.